குளத்து நீர்மட்டக் கருவிகளும் திறந்த நிரலும்

தென்காசி வட்டாரத்துக் குளங்கள் பலவும் சிற்றாற்றையும் மலையோடைகளையும் நம்பியிருப்பவை. மலையில் பெய்த மழை கீழே வந்து சேருமுன் அதன் செய்தி வந்து சேருதல் நலம். 17-5-2024 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்ததை யாவரும் அறிவர்.

ஓடையிலும் மடையிலும் நீர்மட்டத்தை அளந்து தொலைவுக்கு அறிவிக்கும் சிறு கருவிகள் இப்பொழுது கிடைக்கின்றன. லோரா என்னும் வானொலி முறையில் இயங்கும் இவற்றுக்கு சிம் அட்டை வேண்டுவதில்லை. சிறு பாட்டரியே நெடுநாள் போதும். திறந்த வெளியில் செய்தி சில கிலோமீட்டர் செல்லும். குன்றும் தோப்பும் மறிப்பின் தூரம் குறையும்.

இவற்றை வாங்குவோர் விலையை விசாரிக்கின்றனர்; உள்ளிருக்கும் நிரலை விசாரிப்போர் சிலரே. பலகையிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர், வானொலிச் சில்லை இயக்குவதற்கு லைப்ரரி எனப்படும் நிரல் தொகுப்பு வேண்டும். அது இருவகைப்படும். யாவரும் படித்துத் திருத்தத்தக்கது ஒன்று. செய்தவரே அறியும்படி மூடப்பட்டது மற்றொன்று. ரேடியோலிப் முதல் வகையைச் சார்ந்தது. பல நிறுவனங்களின் பலகைகளுக்கும் பொருந்துவது. சீன தேசத்து ஹெல்டெக் நிறுவனம் தன் பலகைகள் சிலவற்றுக்கு அளித்த லோராவான் தொகுப்போ, ஒவ்வொரு சில்லின் எண்ணுக்கும் தனித்தனி உரிம எண் கேட்பதாயிருந்தது.

இதனால் வரும் இடர் யாதெனில், இடியால் ஒரு பலகை பழுதுற்றால் வேறு நிறுவனத்தின் பலகையை அவ்விடத்தில் வைத்தல் இயலாது. விற்றவர் கடையை மூடினால் பிழை திருத்துவாரும் இலர். மடை நம்முடையதாயிருக்க, அதன் திறவுகோல் வேற்றூரில் இருப்பதை எந்த ஆயக்கட்டுதாரர் ஒப்புவர்? மேலும், உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2021-ஆம் ஆண்டு விதிகளால் 868 வரை விரிந்தது. இத்தகைய மாறுதல்களுக்கேற்பத் திறந்த நிரலை உள்ளூர் இளைஞரே திருத்திக்கொள்ளலாம்.

மூடிய தொகுப்பு உடனே இயங்கும், கேட்டால் விற்றவர் உதவுவார் என்பர் சிலர். அது மெய்யே, திறந்த நிரலைப் பேணுவதற்கும் பயின்ற ஒருவர் வேண்டும். ஆயினும் அப்பயிற்சி ஊரிலேயே தங்கும். ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரத்தில் கேரள அரசு நிறுவிய ஐசிஃபாஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் நிலையம் லோராவான் துறையில் இவ்வழியே உழைத்து வருகிறது. லோரா முறையே செம்டெக் நிறுவனத்தின் உடைமை. சில்லுக்காக அதனைச் சார்தல் தவிராது. நிரலிலும் அச்சார்பைக் கூட்டிக்கொள்ள வேண்டுவதில்லை என்பதே எமது கருத்து.

ஆதலின் நீர்ப்பாசனச் சங்கத்தாரும் கிராம அதிகாரிகளும் பணம் கொடுக்குமுன் மூன்றை எழுத்தில் பெறுக: நிரலின் முழு மூலப்பிரதி, அதனைத் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை, வேறு பலகையிலும் அது இயங்கும் என்பதற்கு நேர்முகச் சோதனை. கருவி வைத்தபின்னும் நீர்பாய்ச்சியின் கண்காணிப்பு நிற்கலாகாது.