கடலலை இசைக்கு ஏழு டிரம் எதற்கு?

சென்ற ஆண்டு கலிபோர்னியாவின் ஒரேஞ் கவுன்ரியில், என் தங்கை மகளின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அவளுடைய மகனுக்குப் பதினாறு வயது. பள்ளித் தோழர்கள் மூவருடன் சேர்ந்து, அந்தக் கரையில் அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் பிறந்த 'சேர்ஃப்' இசையை, அதாவது அலைச்சறுக்கு இளைஞர்களின் இசையை, வாசிக்கும் குழுவொன்றை அமைத்திருக்கிறான். அவன் டிரம்ஸ் வாசிப்பவன். கோடை விடுமுறை முழுவதும் கடையொன்றில் பெட்டி தூக்கிச் சேர்த்த பணம் கையிலிருந்தது. வாத்தியக்கடையில் எழுதிக் கொடுத்த விலைச்சிட்டையும் கையிலிருந்தது. இரட்டை மிதி, ஐந்து டொம், ஏழு சிம்பல். மொத்தம் 3,800 டொலர். மிகுதியைத் தாய் கொடுக்க வேண்டும்.

"மாமா, நீங்கள் பேப்பரிலே இசை விமர்சனம் எழுதின ஆள். இவன் கேட்கிறது நியாயமோ எண்டு சொல்லுங்கோ" என்றாள் அவள்.

நியாயம் இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதை அன்று அரைமணி நேரத்தில் சொல்லி முடித்தேன். சொன்னது போதாது என்று பின்னர் தோன்றியதால் இங்கு எழுதுகிறேன். புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில் பிள்ளைக்கு வாத்தியம் வாங்குவது இன்று சாதாரண நிகழ்வாகிவிட்டது. வாங்குபவருக்கு வாத்தியம் தெரியாது. விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். இந்த இசையின் தந்தை எனப்படும் டிக் டேல், லெபனானிய வழிவந்த தந்தைக்கு 1937 இல் பொஸ்ரனில் பிறந்தவர். கிற்றாரைத் தொடுவதற்கு முன்னரே தாளவாத்தியம் பழகியவர். தம் மாமனிடமிருந்து கற்ற 'தரபாக்கி' என்னும் அரபுக் கைமேளத்தின் வேகத்தையே கிற்றார்த் தந்திகளில் ஏற்றினார். 1961 இல் பல்போவாவின் ரொண்டேவூ நடனமண்டபத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆடியதும், 1962 இல் 'மிசர்லூ' என்ற பழைய கிழக்கு மத்தியதரைக்கடல் மெட்டு மின்னல் வேகத்தில் இசைத்தட்டானதும் இப்படித்தான். ஆக, இது அடிப்படையிலேயே தாளத்திலிருந்து பிறந்த இசை. ஆனாலும் இதைப் பற்றி எழுதுவோர் பலர் கிற்றாரையும் எதிரொலிப் பெட்டியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, டிரம்ஸுக்கு ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் வியாபாரி புகுந்துகொள்கிறான்.

1963 இல் வெளிவந்த சேர்ஃபாரிஸ் குழுவின் 'வைப் அவுட்' என்ற இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் வரை சென்றது. அது 'சேர்ஃபர் ஜோ' என்ற பாட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்காக ஒலிப்பதிவுக் கூடத்திலேயே உருவானது. ரோன் வில்சன் என்ற இளைஞர் தம் பள்ளி அணிவகுப்பு வாத்தியக் குழுவின் தாளத்தையே விரைவுபடுத்தி அதில் அடித்தார். அதற்குப் பிறகு உலகெங்கும் மேசையில் விரலால் தட்டிப் பழகாத டிரம்ஸ் மாணவன் அரிது. அந்த வாசிப்பில் கேட்பது டொம்மின் மேல் ஓயாது ஓடும் இரண்டு கைகளும், அவை வைக்கும் அழுத்தங்களும்தான். ஐந்து டொம் அங்கே என்ன வேலை செய்யும்?

இனி ஒலியின் நியாயம். பெண்டர் நிறுவனம் 1961 இல் விற்பனைக்கு விட்ட எதிரொலிப் பெட்டிக்குள் இருப்பவை உருக்குச் சுருள்கம்பிகள். கிற்றாரின் ஒலி அவற்றினூடாக அதிர்ந்து, ஈரம் சொட்டச் சொட்ட வெளிவருகிறது. இடைவெளிகளையெல்லாம் அந்த ஈரம் நிரப்பிவிடுகிறது. கிற்றார் ஈரமாக இருந்தால் டிரம்ஸ் உலர்ந்திருக்க வேண்டும். தடித்த இரட்டைப் படைத் தோல் போட்டு, அதன்மேல் பசைப்பட்டி ஒட்டி, 'தும்' என்று தாழ இறக்கிய பெரிய டொம்கள் கனத்த ரொக் இசைக்கு உரியவை. இங்கே அவை சேற்றில் நடப்பது போலாகும். வேண்டியது ஒற்றைப் படைத் தோல். சற்று உயர்ந்த சுருதி. கோலைத் திருப்பி எறியும் துள்ளல். ஸ்நெயாரில் இரண்டாம் தட்டில் இரட்டை அடியும் நான்காம் தட்டில் ஒற்றை அடியும் விழுவதே இந்த இசையின் அடையாளத் தாளம். அந்த இரட்டை அடி இரண்டாகவே காதில் விழ வேண்டும். பதினான்கு அங்குல அகலமும் ஐந்து அங்குல ஆழமும் கொண்ட ஸ்நெயார் ஒன்று அதற்குப் போதும்.

கடைக்காரரை விட்டால் மறுபக்கத்தில் பழம்பொருள் பக்தர்கள் நிற்கிறார்கள். "1964 ஆம் ஆண்டின் லட்விக் செட் இல்லாவிட்டால் அந்த ஒலி வராது" என்று என் பேரனுக்கு ஒருவர் கூறியிருந்தார். அதன் விலை கடைக்காரரின் விலையையும் விஞ்சியது. இந்தப் பக்தியின் வேடிக்கையைப் பாருங்கள். 1964 பெப்ரவரி 9 அன்று எட் சலிவன் நிகழ்ச்சியில் ரிங்கோ ஸ்டார் வாசித்ததை ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்த பிறகே லட்விக் என்ற பெயர் பட்டிதொட்டியெங்கும் பரவியது. அதே பீற்றில்ஸ் அலைதான் சேர்ஃப் இசையைக் கரையொதுக்கியது. ஒரு இசையை முடித்துவைத்த ஆண்டின் வாத்தியத்தை, அந்த இசையின் உயிர் என்று விற்கிறார்கள்! ரிங்கோ அன்று வாசித்ததும் வெறும் நான்கு டிரம் கொண்ட செட்தான் என்பதை இரு தரப்பாரும் மறந்துவிடுகிறார்கள்.

உண்மையான புரட்சி மலிவான உறுப்பொன்றில் நிகழ்ந்தது. கன்றுத்தோல் கடற்காற்றின் ஈரத்தில் தளர்ந்துவிடும். கலிபோர்னியாவில் ரீமோ பெல்லி 1957 இல் தொடங்கிய நிறுவனம் போன்றவை பிளாஸ்டிக் தோலைப் பரப்பிய பின்னரே, கடலோர மண்டபத்தில் உயர்ந்த சுருதி இரவு முழுதும் நிலைத்து நின்றது. அந்தத் தோல் இன்று எந்தக் கடையிலும் சில பத்து டொலருக்குக் கிடைக்கிறது. பழம்பொருள் பக்தர் இதைச் சொல்லமாட்டார். சொன்னால் பழையதை யார் வாங்குவார்?

அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய மெல்லிய மரக்கூட்டுக்கு ஒரு தனி இனிமை இருக்கிறது. ஆனால் டிரம்மின் குறையைத் தோலாலும் சுருதியாலும் பெருமளவு திருத்தலாம். சிம்பலை அப்படித் திருத்த முடியாது. அது வார்ப்பிலேயே தன் குரலோடு பிறக்கிறது. ஆரம்ப மாணவருக்கென்று பெட்டியில் இட்டு விற்கும் பித்தளைத் தகட்டுச் சிம்பல்கள் எத்தனை அடுக்கினாலும் குழந்தை தட்டும் சாப்பாட்டுக் கோப்பைகளே. நூற்றுக்கு எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் கலந்து வார்த்த வெண்கலம் வேறு சாதி. 1623 இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் தொடங்கி 1929 இல் அமெரிக்காவுக்கு வந்த ஆர்மேனியர்களான சில்ட்ஜியன் குடும்பத்தின் கைவழி அது. ஆகவே பணம் போக வேண்டிய இடம் சிம்பல். இருபது அங்குல நடுத்தரக் கனமுள்ள ரைட் ஒன்று: விரைந்த தாளத்திலும் ஒவ்வொரு கோல்முனையும் மணிபோல் தனித்துக் கேட்க வேண்டும். மெல்லிய க்ராஷ் ஒன்று: சட்டென்று விரிந்து சட்டென்று அடங்க வேண்டும், நெடுநேரம் இரைந்தால் கிற்றாரின் எதிரொலியோடு கலந்து குழம்பிவிடும். பதினான்கு அங்குல ஹை-ஹாட் ஒரு சோடி. ஏழு சிம்பலுக்கு இங்கே இடமில்லை.

"பெரிய மேடைக்குப் பெரிய செட் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். பெரிய மேடைக்கு ஒலிவாங்கி இருக்கிறது. பதினாறு வயதில் ஐந்து டொம்களின் நடுவே உட்கார்ந்தவன், எதை அடிப்பது என்று தேடுவதிலேயே காலத்தைக் கழிப்பான். நான்கின் நடுவே உட்கார்ந்தவன் எப்படி அடிப்பது என்று தேடுவான்.

என் பேரன் இறுதியில் பாவித்த நான்கு டிரம் செட் ஒன்றை வாங்கினான். 22 அங்குல பேஸ் டிரம், 13 அங்குல, 16 அங்குல டொம்கள், ஒரு ஸ்நெயார். புதிய தோல்கள் பூட்டினோம். சிம்பல்களையும் பாவித்தவையாகவே தேடி, பத்துப் பதினைந்தைத் தட்டிக் கேட்டபின் தெரிந்தெடுத்தான். எல்லாமாக 1,150 டொலர் முடிந்தது. தாயிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. நான் புறப்படுவதற்கு முதல்நாள் வாகனக் கொட்டிலில் 'பைப்லைன்' வாசித்தார்கள். அதை 1962 இல் பதிவுசெய்த சான்ரேஸ் குழுவினரும் இதே கவுன்ரியின் சாந்தா ஆனாவில் படித்த பள்ளி மாணவர்கள்தாம். பேரனின் தாளம் இரண்டு இடத்தில் ஓடிவிட்டது. அதைச் சொன்னேன். "தெரியும் தாத்தா, இன்னும் அடிக்கவேணும்" என்றான்.

இந்த விடையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. வெளிநாடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் அன்பர்களே, அடுத்த முறை விலைச்சிட்டையோடு பிள்ளை வந்து நிற்கும்போது பணப்பையைத் திறக்கவேண்டாம். 'இல்லை' என்றும் சொல்லவேண்டாம். அவன் வாசிக்க விரும்பும் இசைத்தட்டைப் போடச்சொல்லி, அதில் எத்தனை டிரம் கேட்கிறது என்று இருவருமாக எண்ணிப் பாருங்கள்.