எழுத்தில் அடங்கா ஒலி

சங்கராபுரம் போன்ற ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம் மாணவச் செல்வங்கள் பலர், ஆங்கிலச் சொல்லும் அதன் பொருளும் தமிழெழுத்தில் உச்சரிப்பும் தரும் சிறு நூல்களையே துணையாகக் கொள்கின்றனர். பொருளைக் குறை கூறோம். உச்சரிப்பே நம்மை வருத்துகிறது. நம் பகரம் ஒன்றே ஆங்கிலத்தின் மூன்று ஒலிகளைச் சுமக்கிறது. மின்விசிறியைப் 'பேன்' என்றெழுதினால் அது தலையில் ஊர்வதாகி விடுகிறது! முன்னே ஆய்தமிட்டு 'ஃபேன்' என்றெழுதி ஒருவாறு தப்பினோம். 'பஸ்' என்பதற்கோ அவ்வழியும் இல்லை.

நம் முன்னோர் இச்சிக்கலை எதிர்த்திசையில் சந்தித்தவர்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதப் புகுந்தபோது, அதில் இல்லாத பகரம், டகரம் முதலியவற்றுக்குப் புள்ளிகள் இட்டுப் புதிய எழுத்துகளைச் சமைத்தனர். அதுவே அரபுத்தமிழ். அத்துணிவு போற்றத்தக்கது.

ஆயினும் எழுத்து எத்தனை கூடினும் அழுத்தம் அதில் விளங்குவதில்லை. 'ரெக்கார்டு' என்பதில் முதலசையை அழுத்தினால் பதிவு. அடுத்த அசையை அழுத்தினால் பதிவு செய்தல். இதனை ஆசிரியரின் நாவிலிருந்து மாணவரின் செவியே பெற இயலும். நாளுக்குப் பத்துச் சொல் மனனம் செய்விக்கும் ஆசிரியப் பெருமக்கள், ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைத்து வாய்விட்டுச் சொல்லச் செய்வார்களாக. பொருளெல்லாம் அறிந்திருந்தும், பிறர் நகைப்பரே என்றஞ்சி நேர்முகத் தேர்வில் வாய் திறவாது திரும்பிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம்.