பஸ்ஸிற் போவதா, காரிற் போவதா?

விழாக்காலம் வந்துவிட்டால் எம் கல்லூரியிற் பல விவாதங்கள் எழுவது வழக்கம். சிறப்புரைக்கு யாரை அழைப்பது, மலரின் அட்டையில் எப்படத்தை இடுவது, விருந்திற் பாயசம் ஒன்றா இரண்டா என்பன போன்றவை அவை. இம்முறை எழுந்த விவாதமோ போக்குவரத்துப் பற்றியது. விழாவின் நிறைவாகப் பழைய மாணவரும் ஆசிரியரும் உயர்வகுப்பு மாணவரும் குடும்ப சமேதராகக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குச் சென்று ஒரு பகற்பொழுதைக் கழிப்பதெனச் சங்கத்தார் தீர்மானித்துள்ளனர். கல்லூரி வாயிலிலிருந்து இலவசமாக ஒரு பஸ் விடப்படுமென்றும், விரும்பியோர் தத்தம் வாகனங்களில் வந்து சேரலாமென்றும் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கின்றது. அது ஒட்டப்பட்ட அன்றே ஆசிரியர் அறையில், "நீங்கள் எதிலே?" என்ற வினா எழுந்துவிட்டது. அதற்கு எம் விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதத் துணிந்தோம். எம்மிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள் மாத்திரமே. ஆகையால் இக்கருத்துப் பொறாமையிற் பிறந்ததெனச் சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

காரின் பக்கத்து நியாயத்தை முதலிற் கூறிவிடுவது முறை. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பத்து நாள் விடுமுறையில் வரும் அன்பருக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் அருமையானது. போகும் வழியிற் சங்கானையில் ஒரு மாமியைப் பார்க்கவேண்டும். ஈழத்துச் சிதம்பரத்திலே சிவனை வணங்கவேண்டும். கைக்குழந்தை உறங்குமுன் வீடு திரும்பவேண்டும். முழங்கால் நோவுடைய முதியவரை பஸ்ஸின் உயர்ந்த படிகளில் ஏறச் சொல்லுதல் கொடுமை. அன்றியும் எம்மவர் நேரந்தவறாமை உலகறிந்தது. ஏழு மணிக்குப் புறப்படும் என்ற பஸ், யாரோ ஒருவர் வீட்டிற் பிட்டு அவியாத காரணத்தால் எட்டு மணிவரை வாயிலில் நிற்பதை யாமே கண்டிருக்கின்றோம். இவையெல்லாம் மெய்யே. நோயாளருக்கும் முதியோருக்கும் பச்சிளங் குழந்தையுடையோருக்கும் கார்தான் தக்கது. அவர்களைப்பற்றி எமக்கு வழக்கில்லை.

எமது வழக்கு, திடகாத்திரமான உடலும் சொந்தக் காரும் உடையவர்களோடு.

சில ஆண்டுகளுக்கு முன் இதே கடற்கரைக்கு இதே போன்ற ஒரு பயணம் நடைபெற்றது. அன்றும் இலவச பஸ் விடப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது பேர் அமரக்கூடிய அவ்வண்டியிற் சென்றவர் பதினான்கு பேர். அவருள்ளும் ஒன்பதின்மர் விடுதி மாணவர். ஏனையோர் யாவரும் கார்களிலும் வான்களிலும் சென்றனர். யாமும் ஒரு நண்பருடைய குளிரூட்டிய வானிலே, பின்னிருக்கையிற் சாய்ந்துகொண்டு சென்றோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். பஸ்ஸில் வந்தவருள் எம்மோடு ஒரே வகுப்பிற் பயின்ற ஒருவரும் இருந்தார். பத்தாம் வகுப்பில் எமக்குக் கணக்குப் புரியாதபோதெல்லாம் சொல்லித் தந்தவர் அவர். 1995 ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வோடு அவருடைய படிப்பு நின்றுபோயிற்று. இன்று மேசன் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகின்றார். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, வெளுத்து மடித்த வேட்டி சால்வையோடு அன்று வந்திருந்தார்.

கடற்கரையில் நடந்தது யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. எந்த வாகனத்தில் வந்தார்களோ அந்த வாகனத்தின் அருகிலேயே சவுக்கமர நிழலிற் பாய் விரித்தார்கள். அந்த வாகனத்திலிருந்தே உணவுப் பெட்டியை இறக்கினார்கள். அந்த வட்டத்துக்குள்ளேயே பேசிச் சிரித்தார்கள். எம் நண்பர் பஸ் சாரதியோடும் விடுதிப் பிள்ளைகளோடும் இருந்து உண்டார். யாம் ஒருமுறை சென்று நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினோம்.

பதினான்கு பேருக்காக ஒரு பஸ்ஸுக்குப் பணங்கட்டுவதா என்று கணக்குப் பார்த்த சங்கத்தார், அடுத்த ஆண்டு அதை நிறுத்திவிட்டனர். கணக்குப் பிழையில்லை. அவ்வாண்டு நண்பர் வரவில்லை. வீட்டுக்குச் சென்று கேட்டோம். அடுத்த முறை எமக்குத் தெரிந்த ஒருவருடைய வானில் இடம் எடுத்துத் தருவதாகவும் சொன்னோம். அவர் சீமெந்து படிந்த கைகளைக் கழுவிக்கொண்டே, "ஆற்றையோ வானிலை இடம் கேட்டு வாறதும், பஸ்ஸிலை எல்லாரோடையும் வாறதும் ஒண்டோ மச்சான்?" என்றார். எமக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

பின்னர் இதைப் பலநாள் சிந்தித்தோம். பஸ் நின்றது அதில் ஏறியவர்களாலன்று, ஏறாதவர்களால். தேவையில்லாதவனும் ஏறும்வரையில்தான் அது பொதுவண்டி. தேவையுள்ளவன் மாத்திரம் ஏறத் தொடங்கினால், அதில் ஏறுவதே தன் வறுமையை ஊரறியச் சொல்வதாகிவிடும். மானமுள்ளவன் அதில் ஏறமாட்டான். பிறகு வண்டியும் நில்லாது.

இதை விளங்கிக்கொள்ள வெளியே போகவேண்டியதில்லை. எம் கல்லூரி வகுப்பறைகளே போதும். 1945 ஆம் ஆண்டில், அரசாங்க சபையிற் கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ஆங்கிலங் கற்பிக்கும் பாடசாலைகளிற் கட்டணஞ் செலுத்த வழியுள்ளோரின் பிள்ளைகளே பெரும்பாலும் பயின்றனர். இலவசம் என்றதும் வசதியுள்ளோர், "அது ஏழைகளுக்கு" என்று தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போயிருந்தால் இக்கல்லூரி என்னவாயிருக்கும்? அவர்கள் விலகவில்லை. வைத்தியருடைய மகனும் வண்டிற்காரருடைய மகனும் ஒரே வாங்கில் இருந்தனர். அந்த வாங்கில் இருந்து எழுந்தவர்கள்தாம், இன்று காரின் கதவைத் திறந்துகொண்டு, "பஸ்ஸில் வருபவர்கள் வரட்டும்" என்கின்றனர்.

இன்னொரு காலத்தையும் நினைத்துப் பார்க்கின்றோம். 1990களிற் பொருளாதாரத் தடை இருந்தபோது இக்குடாநாட்டிற் பெற்றோல் மருந்துபோல் அரிதாயிற்று. பழைய ஒஸ்ரின் கார்கள் சில சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயிற் புகை கக்கி ஓடின. மற்றபடி யாவர்க்கும் துவிச்சக்கர வண்டியே கதி. அதன் முன்பாரில் ஒருவரும் பின்கரியரில் ஒருவருமாகப் பள்ளி வந்தோம். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பட்டு, கியூ.ஆர். அட்டையைக் காட்டி அளந்து வாங்கிய மாதங்களிலும் அதே காட்சியை மீண்டுங் கண்டோம். வங்கி முகாமையாளர் சைக்கிளில் வந்து, சந்தியில் மீன் விற்பவரோடு நின்று பேசினார். பஞ்சம் மீண்டும் வரவேண்டுமென்று யாம் விரும்பவில்லை. பஞ்சத்தில் இயல்பாக வந்த அந்தப் பழக்கம், நிறைவிலே ஒரு நாளைக்காயினும் வரலாகாதா என்றே கேட்கின்றோம்.

பயணத்தின் இன்பத்தையும் சிறிது சொல்லவேண்டும். யாழ் நகரிலிருந்து கசூரினா ஏறக்குறைய 20 கிலோமீற்றர். மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு செல்லும். பொன்னாலையைக் கடந்ததும் தரை முடிந்து, இருபுறமும் பரவைக்கடல் விரிய, தாம்போதியின்மேல் வண்டி ஊரும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் அக்காற்று வாராது. பஸ் யன்னலிலே முகத்தில் அறையும். பஸ்ஸுக்கு இன்றும் "சீ.ரி.பி." என்றே சொல்லும் எழுபது வயதுப் பழைய மாணவர் ஒருவர், பதினேழு வயதுப் பையன் பக்கத்தில் அமர்ந்தால், அவ்வொரு மணித்தியாலத்திற் பேசப்படுவது எந்த மேடையிலும் பேசப்படுவதன்று. தொழில் எங்கே பழகலாம், எந்தப் பட்டத்துக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்? மேடையில் மாலையோடு நிற்பவரிடம் கேட்கக் கூசுவார்கள். அருகிருக்கையிற் கச்சான் கொறிப்பவரிடம் கேட்பார்கள்.

சங்கத்தாருக்கும் சில வார்த்தை. அறிவித்தலில் "இலவசம்" என்ற சொல்லைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். "சங்கத்தின் பஸ் ஏழு மணிக்குப் புறப்படும்" என்றால் போதும். ஏழு என்றால் ஏழுக்கே புறப்படட்டும். பிட்டு அவியாதவர் காரில் வந்து சேரட்டும். திரும்பும் வழியில் ஈழத்துச் சிதம்பரத்தில் அரைமணி நேரம் நிறுத்தினால், காருக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று குறையும். தலைவரும் செயலாளரும் பொருளாளரும் அந்த பஸ்ஸிலே வரவேண்டும். முதியோரை ஏற்றிவரக் கார் தருபவர்கள், அதைச் சாரதியிடம் கொடுத்துவிட்டுத் தாம் பஸ்ஸில் ஏறலாம்.

பெயர் பதியுந் தாள் அலுவலக வாயிலிற் கட்டப்பட்டிருக்கின்றது. இதை எழுதும் வேளையில் அதிலே இருபத்துமூன்று பெயர்கள் உள்ளன. எம் பெயர் நான்காவது. எமக்கு அடுத்த வரியிற் கணக்குச் சொல்லித் தந்த நண்பரின் பெயரை, அவரிடங் கேட்டபின், யாமே எழுதினோம். மனைவியும் மகளும் உட்பட மூவர் என்று எழுதச் சொன்னார். அறுபது வரி கொண்ட தாள் அது.