சுமை என்னும் சொல் எதை எண்ணுகிறது?

எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு காலைப்பொழுதின் சுமைவேலையைக் கணக்கெடுக்கச் சொன்னால், எண்ணத் தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி எழும். தலையில் சும்மாடு வைத்து மூட்டையோடு நடப்பவரை மட்டும் எண்ணுவதா? மட்டாஞ்சேரிக் கிட்டங்கியிலிருந்து சரக்கு வந்து சேராததால், வேறு வேலைக்கும் போக முடியாமல் கடைவாசலில் காத்து நிற்பவரையும் சேர்ப்பதா? முதல் கணக்கு தெருவில் நடக்கும் உழைப்பைக் காட்டும். இரண்டாவது கணக்கு தெருவின் மீதுள்ள தேவையைக் காட்டும். இரண்டையும் ‘சுமை’ என்று அழைக்கலாம். ஆனால் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் பெயரில் எழுதினால் அது பொருட்பிழை.

லினக்ஸ் கெர்னல் இதே கேள்விக்கு 1993இல் விடை சொன்னது. அந்த விடையின் விளைவு இன்றும் கணினி அறிவியல் ஆய்வேடுகளின் அட்டவணைகளில் தங்கியிருக்கிறது. கணினியின் மையச் செயலி எவ்வளவு பளுவில் இயங்குகிறது என்று காட்டுவதற்காக அவ்வேடுகளில் ‘லோடு ஆவரேஜ்’ எனப்படும் சுமைச் சராசரி தரப்படுகிறது. (தமிழில் கைபேசி ஆப்பும் ‘செயலி’, பிராசசரும் ‘செயலி’ என்றாகிவிட்ட குழப்பம் தனிக்கதை. இங்கே பேசப்படுவது பிராசசர்.) அந்த எண் செயலியை மட்டும் அளப்பதில்லை என்பது அதைப் பயன்படுத்துவோர் பலரின் கவனத்துக்கு வருவதே இல்லை.

சுமைச் சராசரி என்ற கருத்து லினக்ஸைவிட மூத்தது. டெனெக்ஸ் இயங்குதளத்தின் சுமைச் சராசரிகளைப் பற்றிய இணைய ஆவணம் 1973ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தொடக்கத்தில் லினக்ஸும் செயலியில் ஓடிக்கொண்டிருக்கும் பணிகளையும் அதற்காக வரிசையில் நிற்பவற்றையும் மட்டுமே எண்ணியது. 1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்ற நிரலாளர் ஒரு சிறு திருத்தத்தை முன்வைத்தார். வேகமான வட்டைக் கழற்றிவிட்டு மெதுவான வட்டைப் பொருத்தினால் கணினி திணறுகிறது, ஆனால் சுமை எண்ணோ குறைகிறது. இது பொது அறிவுக்கு ஒவ்வவில்லை என்பது அவர் வாதம். ஆகவே வட்டுக்காகக் காத்து, இடைமறிக்க இயலாத உறக்கத்தில் இருக்கும் பணிகளும் எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டன. பிராட்வேயின் கடைவாசலில் காத்து நின்றவரும் கணக்கில் வந்துவிட்டார்.

இந்தத் திருத்தத்தின் பின்னணி ஏறக்குறைய 24 ஆண்டுகள் மறந்துபோயிருந்தது. 2017இல் பிரெண்டன் கிரெக் பழைய ஆவணங்களைத் துழாவி அதை வெளிக்கொணர்ந்தார். அவர் காட்டிய மற்றொரு செய்தி, சொற்பொருள் மாற்றம் பயின்ற எவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும். 1993ஆம் ஆண்டின் கெர்னலில் இடைமறிக்க இயலாத உறக்கத்துக்குள் ஒரு பணி நேரடியாக நுழையும் இடங்கள் 13. 2017இன் கெர்னலில் அவை ஏறத்தாழ 400. அவற்றுள் வட்டுக்குத் தொடர்பே இல்லாத பூட்டுக் காத்திருப்புகளும் அடக்கம். இடைமறிக்க இயலாத உறக்கத்தில் உள்ளவற்றையும் எண்ணும் அடிப்படை விதி அப்படியே இருந்தது. ஆனால் அந்த விதி சுட்டும் பொருள் முப்பது மடங்கு விரிந்துவிட்டது. ‘எண்ணெய்’ எள்ளின் நெய்யாகத் தொடங்கித் தேங்காய், கடலை, மண் என எல்லாவற்றின் நெய்க்கும் உரியதான பொருள்விரிவு இதுவே. மொழியில் இது பிழையாகாது. அளவையில் இது பிழையாகும். நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒரே வரைபடத்தில் ஏற்றும்போது, இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று ஆய்வாளர் உறுதிமொழி அளிக்கிறார் அல்லவா?

கெர்னலை எழுதுவோருக்கு இது தெரியும். சுமைச் சராசரியைக் கணக்கிடும் மூலக்கோப்பின் தலைப்பிலேயே, இது ஓர் அசட்டு எண், ஆயினும் மக்கள் இதை முக்கியமென்று கருதுகிறார்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த எள்ளலில் உண்மை உண்டு. பொறுப்பு முழுவதும் இல்லை. மக்கள் முக்கியமென்று கருதும் எண்ணை வெளியிடுபவர், அது எதை எண்ணுகிறது என்பதைப் பெயரிலேயே உணர்த்தக் கடமைப்பட்டவர். பின்னர் வந்தவர்கள் இதைச் செய்தார்கள். 2018 டிசம்பரில் வெளிவந்த 4.20ஆம் பதிப்பில் செயலி, நினைவகம், உள்ளீடு–வெளியீடு ஆகிய மூன்றன் நெருக்கடியும் தனித்தனிப் பெயர்களில் அளக்கப்பட்டன. பழைய எண்ணின் பொருளைத் திருத்தாமல், புதிய பொருளுக்குப் புதிய சொல் படைக்கப்பட்டது. அகராதியியலார் இதைத்தான் பரிந்துரைப்பார்கள்.

பிழைநீக்கத்துக்காகச் செயலியின் புள்ளிவிவரங்களைப் பதிவு செய்யும் நிரல் மதிப்பாய்வுக்கு வரும்போது, அதைப் படிப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி வேகத்தைப் பற்றியதோ நினைவகத்தைப் பற்றியதோ ஆகாது. ‘இந்தப் புலத்தின் பெயர் எதைக் குறிக்கிறது? அது குறிக்காதது எது?’ என்பதே அக்கேள்வி. மற்றவை அதன் பின்னரே வரும். இந்தியாவிலிருந்து ஒரு சான்று இதைத் தெளிவாக்கும்.

செயலியின் இயங்குவேகம் தேவைக்கேற்பக் கூடிக் குறைவதைக் கெர்னலின் ஒரு பகுதி மேற்பார்க்கிறது. எந்த வேகத்திலிருந்து எந்த வேகத்துக்கு எத்தனை முறை மாறியது என்பதை அது ஒரு சதுர அட்டவணையாகவும் காட்டும். அட்டவணையைத் தரும் கோப்பு ஒரே நினைவகப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. பத்துப் பன்னிரண்டு வேகநிலைகள் கொண்ட செயலிகளுக்கு இது தாராளம். ஐபிஎம்மின் பவர்9 செயலியிலோ வேகநிலைகள் நூற்றுக்கும் மேல். ஒரு கட்டத்துக்குப் பத்து எழுத்து என்றால் 100 × 100 கட்டங்களுக்கு 1,00,000 எழுத்துகள். பவர் இயந்திரங்களில் வழக்கமாகப் பயன்படும் பக்கமோ 65,536 பைட்டுகளே. அட்டவணை பக்கத்தைத் தாண்டியது. படிக்கும்போதெல்லாம் பிழைச்செய்தி எழுந்தது. 2017இன் இறுதியில், ஐபிஎம்மின் பெங்களூரு லினக்ஸ் குழுவைச் சேர்ந்த கௌதம் ஷெனாய் ஒரு திருத்தம் எழுதினார். அட்டவணை பக்கத்துக்குள் அடங்காவிட்டால் ஒரே ஒரு முறை எச்சரிக்கை தந்து, ‘கோப்பு மிகப் பெரிது’ என்ற பிழையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே அதன் சாரம்.

நிரல் என்ற அளவில் இது சில வரிகள்தான். ஆயினும் அதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது. அடங்கும் அளவுக்கு அட்டவணையை வெட்டித் தந்திருக்கலாம். படிப்பவர் வெட்டுப்பட்டதை அறியாமல் முழுமையென்று நம்பியிருப்பார். வேகநிலைகளைத் தொகுத்துச் சுருக்கியிருக்கலாம். அப்போது பழைய பெயரில் புதிய பொருள் நுழைந்திருக்கும். திருத்தம் இரண்டையும் தவிர்த்தது. சொல்ல முடியாததைச் சொல்ல முடியவில்லை என்றே அது சொல்லிவிடுகிறது. ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டு விட்டதும் இதே ஒழுக்கம். தாமாக ஒரு சீரை இட்டு நிரப்பியவர்கள் பின்வந்தோர்க்கு எவ்வளவு தொல்லை வைத்துப் போனார்கள் என்பதைப் பதிப்பியல் மாணவர் அறிவர்.

எண்ணுவதற்கும் ஒரு விலை உண்டு. கேரளத்துக்கு இதை விளக்கத் தனிச்சொல்லே இருக்கிறது: நோக்குகூலி. சுமையைத் தொடாமல், பிறர் இறக்குவதைப் பார்த்து நின்றதற்குக் கேட்கப்படும் கூலி. 2018 மே முதல் நாளிலிருந்து மாநில அரசு அதை ஒழித்ததாக அறிவித்தது. (1978ஆம் ஆண்டின் சுமைத்தொழிலாளர் சட்டம் பெற்றுத்தந்த பாதுகாப்பை மறைத்துவிட்டு இந்த ஒரு சொல்லால் தொழிலாளர் அனைவரையும் தூற்றுவோரும் உண்டு, அது நேர்மையன்று.) கெர்னலில் புள்ளிவிவரம் வாங்குவதும் ஒருவகை நோக்குகூலியே. பணிகளை மாற்றி மாற்றி ஓட்டும் திட்டமிடுவான் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இயங்குகிறது. ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து ஓர் எண்ணைக் கூட்டினால், யாரும் படிக்காத அந்தக் குறிப்புக்காக எல்லாப் பணிகளும் கூலி கொடுக்கின்றன. 2016இன் 4.6ஆம் பதிப்பில் திட்டமிடுவானின் விரிவான புள்ளிவிவரங்கள் இயல்பாக அணைக்கப்பட்டதும், வேண்டுவோர் இயக்கிக்கொள்ளும் வசதி தரப்பட்டதும் இந்தக் காரணத்தால்தான். கூலியைக் குறைக்க, கடிகாரத் துடிப்பின்போது மட்டும் எட்டிப் பார்த்து எண்ணும் முறையும் உண்டு. அதற்குரிய குறை என்ன என்பதைக் கெர்னலின் ஆவணமே சொல்கிறது: இரண்டு துடிப்புகளுக்கு இடையே வேலையை முடித்துவிட்டு உறங்கிப்போகும் நிரல், செயலியை எவ்வளவு உறிஞ்சினாலும் கணக்கில் தென்படாமல் தப்பலாம்.

‘பிழைநீக்கத்துக்கு மட்டும்’ என்ற முத்திரை இந்தப் பொறுப்பிலிருந்து யாரையும் விடுவிப்பதில்லை. 2004இல் டீபக்எஃப்எஸ் என்ற கோப்புமுறை உருவானபோது, அங்கே எவரும் எதையும் வைக்கலாம், விதி ஏதுமில்லை என்பதே அதன் கொள்கை. இன்று அதன் ஆவணம், நடைமுறை அவ்வளவு எளிதன்று, அங்கு வைப்பதையும் என்றென்றைக்கும் பேண வேண்டியிருக்கும் என்று எண்ணியே வடிவமைப்பது நல்லது என அறிவுறுத்துகிறது. கெர்னலின் தடப்பதிவுகளிலும் இந்தப் பாடம் கற்கப்பட்டது. 2011 வாக்கில் கெர்னலின் பெரும்பூட்டு முற்றாக நீக்கப்பட்டபோது, ஒவ்வொரு பதிவிலும் அதன் ஆழத்தைக் குறித்த நான்கு பைட் புலம் பொருளிழந்தது. அதை எடுத்தபோது மின்சிக்கனக் கருவியான பவர்டாப் உடைந்தது; புலங்களை அது பெயரால் தேடாமல் இடத்தால் எண்ணிப் படித்துவந்தது. ஆகவே வெறும் சுழியங்கள் அந்த இடத்துக்குத் திரும்பி வந்தன. இன்றைய பேச்சில் ஒலி வேறுபாடு மறைந்த பின்னும் ந, ன இரண்டும் எழுத்தில் நிலைத்திருப்பதை நினைவூட்டும் வழக்கு இது. அங்கும் இங்கும் படிப்பவரே எழுத்தைக் காக்கிறார்.

இத்தனையும் சொற்பொருளியலின் வேலை. ஆனால் பல்கலைக்கழகங்களில் அதைச் செய்வோர் யார்? மொழியியல் மாணவர் குறியீடு, சுட்டுப்பொருள், பொருள்விரிவு ஆகியவற்றைக் கற்றும் கெர்னலின் ஒரு கோப்பைக்கூடத் திறப்பதில்லை. கணினி மாணவர் கோப்பைத் திறந்தும் அதிலுள்ள பெயர்களை ஐயுறுவதில்லை. கலைச்சொல் குழுக்களோ ‘லோடு’ என்ற சொல்லுக்கு நேராகச் சுமை என்று எழுதி அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. வரையறை இல்லாத அந்த ஒற்றைச்சொல் விடையை மேற்கோளாகக் கொண்டு இன்னொரு ஆய்வேடு எழுகிறது.

கெர்னல் சமூகத்தில் ‘ரிவ்யூட்-பை’ என்ற வரியில் தம் பெயரைச் சேர்ப்பவர், ஓர் எழுத்துவழி உறுதிமொழிக்கு உட்படுகிறார். நிரலை ஆராய்ந்தேன், ஐயங்களை எழுதியவரிடம் எழுப்பினேன், அறிந்த குறை எதுவும் எஞ்சவில்லை என்பது அதன் கருத்து. அது சொன்ன பயனை நிறைவேற்றும் என்று உத்தரவாதம் தரவில்லை என்பதும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. ஆய்வேட்டுத் தேர்வாளரின் அறிக்கை இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டால் நன்றாயிருக்கும். ஆனால் பதவி உயர்வுக்கான மதிப்பெண் பட்டியலில் இந்த வரிக்கு இடமில்லை. அதே நிரலைப் பற்றி யாரும் படிக்காத மாநாட்டுக் கட்டுரைக்கு இடமுண்டு.

சுமைச் சராசரியின் மூலக்கோப்பு ஏறக்குறைய 400 வரிகள்தான். அதிலும் கணிசமானவை விளக்கக் குறிப்புகள். ஒரு பருவத்தில் மொழியியல், கணினி மாணவர்கள் பத்துப் பேர் ஒரே மேசையில் அமர்ந்து, இளம்பூரணர் உரையையும் நச்சினார்க்கினியர் உரையையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிப்பதுபோல், 1993இன் திருத்தத்தையும் இன்றைய கோப்பையும் வைத்து வரிவரியாகப் படிக்கலாம். அதற்குத் தனி ஆய்வகமோ நிதிநல்கையோ வேண்டியதில்லை. ஒரு கணினியும், ‘இங்கே எண்ணப்படுவது எது?’ என்று ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கேட்கும் ஆசிரியர் ஒருவரும் இருந்தால் வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.