சுனாமி எச்சரிக்கை: ஐதராபாத் மையத்திலிருந்து பழவேற்காட்டு வீட்டு வாசல் வரை

2004 டிசம்பர் 26 அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை சென்னைக் கடற்கரையை வந்தடையச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மக்களை அப்புறப்படுத்த அது போதுமான நேரமே. எனினும் முன்கூட்டி அறிவிப்பதற்கு இந்தியப் பெருங்கடலில் அன்று எந்த அமைப்பும் இல்லை. இன்று அத்தகைய அமைப்பு இருக்கிறது. அது எவ்வாறு செயல்படுகிறது, பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குடும்பங்கள் எவ்வாறு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

எச்சரிக்கை எவ்வாறு உருவாகிறது?

இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம், ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. இது ஒரு துறையின் தனி முயற்சியால் உருவானதன்று. புவி அறிவியல் அமைச்சகம், விண்வெளித் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை, இந்திய நில அளவைத் துறை, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை இணைந்து இதனை உருவாக்கின.

நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் அதிர்வின் இடத்தையும் அளவையும் காட்டுகின்றன. ஆழ்கடலின் அடியில் வைக்கப்பட்டுள்ள அழுத்தமானிகள், மேலே பேரலை கடந்து செல்வதை உணர்ந்து, மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்குத் தெரிவிக்கின்றன. கரையோர அலைமானிகள் நீர்மட்ட மாற்றத்தைப் பதிவு செய்கின்றன. முன்பே கணித்து வைக்கப்பட்ட மாதிரிகளுடன் இவற்றை ஒப்பிட்டு, எந்தக் கரைக்கு எப்போது எவ்வளவு உயர அலை வரும் என அறிவியலாளர்கள் கணிக்கின்றனர். நிலநடுக்கம் நிகழ்ந்த சுமார் பத்து நிமிடங்களில் முதல் அறிவிப்பு வெளியாகிறது.

அறிவிப்பின் மூன்று நிலைகள்

முதல் நிலை, எச்சரிக்கை: அலை 2 மீட்டருக்கு மேல் எழக்கூடும், மக்கள் கரையை விட்டு உடனே வெளியேற வேண்டும். இரண்டாம் நிலை, உஷார்: அலை அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரை எழக்கூடும்; கடற்கரையையும் தாழ்வான இடங்களையும் தவிர்க்க வேண்டும். மூன்றாம் நிலை, கண்காணிப்பு: உடனே வெளியேறத் தேவையில்லை, அடுத்த அறிவிப்பைக் கவனித்திருக்க வேண்டும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. எனினும் பேரலை எழவில்லை. கடலடிப் பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். இதனை ‘பொய் எச்சரிக்கை’ எனக் கருதி அடுத்த அறிவிப்பைப் புறக்கணிப்பது ஆபத்தானது. நிலநடுக்கத்தின் அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அலை எழுந்ததா என்பதை உறுதி செய்யக் கூடுதல் நேரம் தேவை. அதுவரை பாதுகாப்பான இடத்தில் இருப்பதே அறிவுடைமை.

பழவேற்காட்டிற்கு உரிய சிக்கல்

‘கரையை விட்டு ஓடுங்கள்’ என்னும் பொது அறிவுரை இங்கு அப்படியே பொருந்தாது. பல குப்பங்கள் ஒருபுறம் கடலும் மறுபுறம் ஏரியுமாக, இடையிலுள்ள மணல் திட்டில் அமைந்துள்ளன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏரிக்குள்ளும் புகும். ஆகவே உங்கள் ஊரிலிருந்து பாலத்தை அடைய எத்தனை நிமிடம் ஆகும், அதற்கு நேரமில்லையெனில் அருகில் உறுதியான மாடிக் கட்டடம் எது என்பதை இன்றே அறிந்துகொள்ளுங்கள். சுமத்ரா போன்ற தொலைவிடத்து நிலநடுக்கம் இங்கு உணரப்படாமலே போகலாம். அதிர்வு இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணாதீர்கள்.

யார் பின்தங்கக்கூடும்?

ஓட இயலாதவர்களே முதலில் ஆபத்துக்கு உள்ளாகின்றனர்: முதியோர், பக்கவாத நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள், கைக்குழந்தையுடன் உள்ள தாய்மார்கள். ஆண்கள் கடலுக்குச் சென்றிருக்கும் வேளையில் இவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு பெண்கள் மீதே விழுகிறது. அறிவியல் பத்து நிமிடத்தில் தரும் செய்தி, படுக்கையில் உள்ள ஒருவரைத் தூக்கிச் செல்ல ஆளில்லாவிட்டால் பயனற்றுப் போகும்.

இத்தகையோர் யார் யார் என்பது கிராம சுகாதார செவிலியருக்கும், 2021 முதல் செயல்படும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்களுக்கும் பெரும்பாலும் தெரியும். அந்த விவரம் ஊர்ப் பஞ்சாயத்தின் மீட்புத் திட்டத்திலும் இடம்பெற வேண்டும். ஒவ்வொருவருக்கும் துணை நிற்பவர் யார் என முன்பே முடிவு செய்வது நன்று. ஒத்திகையின்போது அவர்களையும் உண்மையிலேயே அழைத்துச் சென்று பார்க்க வேண்டும். ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி ஆகிய கிராமங்கள் இத்தகைய ஊர் அளவிலான ஆயத்தத்திற்காகவே 2020-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு நோய்களுக்கான ஒரு வார மருந்தையும், மருந்துச் சீட்டின் நகலையும் நீர் புகாத பையில் வைத்திருங்கள். இன்சுலின் பயன்படுத்துவோர் வீட்டில் உள்ள அனைவருக்கும் அதைத் தெரிவித்திருங்கள்.
• கடல் திடீரென உள்வாங்கினாலோ, பேரிரைச்சல் கேட்டாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் வெளியேறுங்கள்.
• சுனாமி அறிவிப்பின்போது ஆழ்கடலில் இருப்போர் கரை திரும்பக் கூடாது. ஆழமான நீரில் அலையின் உயரம் குறைவு. கரையருகிலேயே அது உயரும். புயல் எச்சரிக்கைக்கோ இதற்கு மாறாக, உடனே கரை திரும்ப வேண்டும்.
• முதல் அலை வடிந்தவுடன் வலையையும் படகையும் பார்க்கச் செல்லாதீர்கள். அடுத்தடுத்த அலைகள் மேலும் பெரிதாக இருக்கலாம்.
• வெள்ளநீர் கலந்த கிணற்று நீரைக் குடிக்காதீர்கள். கொதிக்கவைத்த அல்லது குளோரின் கலந்த நீரையே பருகுங்கள்.
• நீரில் நடந்து காயம் ஏற்பட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.

அவசர உதவி எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077; மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070; ஆம்புலன்ஸ் 108; மருத்துவ ஆலோசனை 104; கடலோரக் காவல்படை 1554.