கணக்கில் விடப்பட்ட மூத்த குமாரன்

குடும்ப நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பார்க்கும்போது நம் கண்கள் கதாநாயகனையே பின்தொடர்கின்றன. ஆனால் அந்த வீட்டைத் தாங்கி நிறுத்துகிறவர்கள் துணைப் பாத்திரங்களே என்பது என் கருத்து. 1974 முதல் 1984 வரை அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஹாப்பி டேஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைப் பார்த்திராவிட்டாலும் பாதகமில்லை.

1950-களின் மில்வாக்கி நகரம். ஹார்டுவேர் கடை நடத்தும் ஹோவர்டு கன்னிங்ஹாம், அவர் மனைவி மேரியன், பிள்ளைகள் மூவர்: சக், ரிச்சி, ஜோனி. கதை ரிச்சியைச் சுற்றியது. தோல் மேற்சட்டையும் மோட்டார் சைக்கிளுமாக ஓரத்தில் வந்துபோன மெக்கானிக் ஃபான்ஸிக்கு ஆரம்பத்தில் வசனமே குறைவு. அவனோ சில ஆண்டுகளில் தொடரின் முகமாகவே ஆனான்.

அவ்வேடத்தில் நடித்த ஹென்றி விங்க்லரின் திறமையே காரணம் என்பார்கள். மறுக்கவில்லை, ஆயினும் அது பாதிக் காரணமே. ஃபான்ஸி, சிறுவயதிலேயே தகப்பன் விட்டுச்சென்ற பிள்ளை. மூன்றாம் பருவத்தில் கன்னிங்ஹாம் வீட்டு வாகனக் கொட்டகையின் மாடியறைக்கு வாடகைக்கு வருகிறான். ஊர் இளைஞரெல்லாம் அஞ்சும் அவனை மேரியன் 'ஆர்தர்' என்று இயற்பெயரால் அழைக்கிறார். அவனும் பிள்ளையைப் போல அடங்கிப்போகிறான். தான் செய்தது தவறு என்று சொல்ல அவனுக்கு நா எழாது. அவனுக்கு அந்த வீடு தேவைப்பட்டது. நியாயம் எது என்று தடுமாறிய ரிச்சிக்கு அவன் தேவைப்பட்டான். பாத்திரத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. (பலமும் அளவு மீறலாம். 1977-இல் அவனை நீர்ச்சறுக்கில் சுறாவைத் தாண்டவைத்தார்கள். ஒரு தொடர் தன் தரத்தை இழக்கும் தருணத்தை இன்றும் அந்தக் காட்சியின் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.)

மூத்தவன் சக்கை நோக்கிப் பாருங்கள். கையில் கூடைப்பந்து, வருவான், போவான். அடுத்தடுத்து இரண்டு நடிகர்கள் அந்த வேடத்தை ஏற்றார்கள். தம்பிக்கு அண்ணன் சொல்லவேண்டிய புத்தியையெல்லாம் ஃபான்ஸியே சொல்லிவிட்டதால், இவனுக்கென்று ஒரு வேலையும் மிஞ்சவில்லை. இரண்டாம் பருவத்தோடு காணாமற்போனான். எங்கே போனான் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. சொல்லாமல் மறைந்துபோகும் பாத்திரங்களின் நிலைக்கு அமெரிக்க ரசிகர்கள் அவன் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

சக் பலவீனமான பாத்திரமாகப் போனதற்கு அந்த நடிகர்களையோ காட்சிகளின் எண்ணிக்கையையோ குறைசொல்ல மாட்டேன். அவன் இல்லாவிட்டால் இன்னார் வருந்துவார் என்று காட்டும் ஒரு காட்சியையாவது எழுத்தாளர்கள் அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அதை அவர்கள் செய்யவில்லை.

பயனற்ற பாத்திரத்தை நீக்குவது எழுத்தாளரின் உரிமை என்று நீங்கள் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரனானால் நானும் ஒப்புக்கொள்வேன். இவனோ அந்த வீட்டின் மகன். 1984-இல் நிறைவு அத்தியாயத்தில், ஜோனியின் திருமணத்தின்போது, ஹோவர்டு எழுந்து நின்று வாழ்த்துரை கூறுகிறார். நெஞ்சை உருக்கும் பேச்சு. அதிலே தாமும் மனைவியும் இரண்டு அருமையான பிள்ளைகளை வளர்த்ததாகச் சொல்கிறார். மேரியன் அருகிலேயே நிற்கிறார், மறுத்துப் பேசவில்லை. பத்தாண்டுகளாக அவர்களை நேசித்துப் பார்த்தவர்களுக்கு, 'சக்கிடமிருந்து கடிதம் வந்தது' என்று தாய் சொல்லும் ஒரு வரி போதுமாயிருந்தது.