முதல் மீன்பிடி கயாக்: காசு எந்த வரிசையில் போக வேண்டும்?

மீன்பிடி கயாக் வாங்கலாம் என்று முடிவு செய்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். அமெரிக்காவில் இதற்குப் பதில் சொல்லக் கடைக்காரர்களும் வீடியோ போடுபவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் கையில் 700 டாலர் மட்டும் வைத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு அந்தப் பதில்களால் பெரிய பயன் இல்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த 700 டாலரை எந்த வரிசையில் செலவழிப்பது? வரிசை தப்பினால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. சில சமயம் ஆளே போய்விடலாம்.

கொஞ்சம் பழைய கதை

கயாக் ஒன்றும் புது விளையாட்டுச் சாமான் இல்லை. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் வேட்டைக்காகச் செய்த படகு அது. மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, மேலே சீல் தோலைப் போர்த்தி, நடுவில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை மட்டும் விட்டிருப்பார்கள். பனிக்கட்டி மிதக்கும் கடலில் உடம்பில் தண்ணீர் படாமல் இருக்க அந்த வடிவம்.

இன்று மீன்பிடிக்க விற்கப்படும் கயாக்குகளில் பெரும்பாலானவை வேறு வகை. மேலே உட்காரும் வகை, அதாவது 'சிட் ஆன் டாப்'. 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் டிம் நீமியர் என்பவர் செய்யத் தொடங்கியது இது. உள்ளே நுழைய ஓட்டை கிடையாது. மூடிய பிளாஸ்டிக் கூட்டின் மேல் ஆள் உட்காருவார். மேலே ஏறும் தண்ணீர் அடிவரை ஊடுருவும் துளைகள் வழியே தானாக வெளியேறிவிடும். தமிழருக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. நம் கட்டுமரமும் இதே யோசனைதான்: நிரம்புவதற்கு உட்பகுதியே இல்லாத படகை அலையால் எப்படி நிரப்ப முடியும்? அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. 'ஹோபி கேட்' என்ற பாய்மரப் படகின் பெயரில் இருக்கும் 'கேட்' அதன் சுருக்கம்தான். அதே ஹோபி நிறுவனம் 1997-இல் காலால் மிதித்து ஓட்டும் கயாக்கைக் கொண்டுவந்தது என்பது கூடுதல் தகவல் :-)

இந்தக் கதை இங்கே எதற்கு என்றால், கடையில் மிக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் உள்ளே உட்காரும் வகை. மலிவு மாடல்கள் பலவற்றில் முன்னும் பின்னும் தண்ணீர் புகாத தடுப்பு அறை இருக்காது. கவிழ்ந்தால் முழுப் படகும் நிரம்பிவிடும். ஆழமான இடத்தில் தனி ஆளாக அதைக் காலி செய்வது ஏறக்குறைய நடக்காத காரியம். மேலே உட்காரும் வகை கவிழ்ந்தால், அதைத் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். 100 டாலர் மிச்சம் பிடிப்பதற்காக இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பது முட்டாள்தனம்.

முதல் செலவு லைஃப் ஜாக்கெட்

அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் பொழுதுபோக்குப் படகு விபத்துகளின் கணக்கை வெளியிடுகிறது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் இறந்தவர்கள் 564 பேர். இறப்பின் காரணம் தெரிந்தவர்களில் 75 சதவீதம் பேர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். மூழ்கியவர்களில் விவரம் கிடைத்தவரை 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சட்டப்படி படகில் ஆளுக்கு ஒரு ஜாக்கெட் 'இருந்தால்' பெரியவர்களுக்குப் பல இடங்களில் போதும். அதனால்தான் பலர் அதை இருக்கைக்குப் பின்னால் செருகி வைக்கிறார்கள். கவிழ்ந்த பிறகு தண்ணீரில் மிதந்துகொண்டே அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர், ஒருமுறை நீச்சல் குளத்திலாவது அதைச் செய்து பார்க்க வேண்டும்.

30 டாலருக்கும் ஜாக்கெட் கிடைக்கிறது. உயிரைக் காக்க அதுவும் போதும். பிரச்சினை என்னவென்றால், கயாக்கின் முதுகுச் சாய்மானத்தில் அது இடிக்கும், கழுத்தை அறுக்கும், வெயிலில் புழுங்கும். அரை மணி நேரத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மீன்பிடிப்பவர்களுக்கென்று பின்பக்கம் மேலே தூக்கி, கீழே வலை வைத்துத் தைத்த ஜாக்கெட்டுகள் 80 டாலர் அளவில் கிடைக்கின்றன. கூடுதல் 50 டாலர் எதற்கு என்றால், நாள் முழுக்க கழற்றாமல் இருப்பதற்கு. இடுப்பில் கட்டி, இழுத்தால் காற்று நிரம்பும் வகை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தலையில் அடிபட்டோ குளிரில் விறைத்தோ இருப்பவர் கயிற்றை இழுக்க மாட்டார். முதல் ஜாக்கெட் நுரை வைத்ததாகவே இருக்கட்டும்.

இதோடு சேர்ந்தது குளிர்நீர். வட மாநிலங்களில் மே மாதம் வெயில் அடிக்கும், ஏரித் தண்ணீரோ பனிக்கட்டி உருகிய குளிரில் இருக்கும். டி-ஷர்ட்டோடு இறங்கத் தோன்றும் நாள் அதுதான். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு எளிதாக நினைவில் நிற்கும் கணக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்: 1-10-1. குளிர்நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால் உருப்படியாக வேலை செய்வது சுமார் 10 நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். ஜாக்கெட் இல்லாதவர் அந்தக் கடைசி 1 மணி நேரத்தைப் பார்ப்பதே இல்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முதல் நிமிடத்திலோ, கை மரத்துப்போன பிறகோ மூழ்குகிறார். எனவே பட்ஜெட்காரருக்கு நல்ல முடிவு, தண்ணீர் சூடேறும்வரை கரையிலிருந்து மீன் பிடிப்பது. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டாவது துடுப்பு

புதியவர்கள் மிச்சம் பிடிக்கும் இடம் இது. மிச்சம் பிடிக்கவே கூடாத இடமும் இதுதான். ஒரு மணி நேரம் துடுப்பு வலித்தால், அந்தத் துடுப்பை ஆயிரம் தடவைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். படகில் இலவசமாகத் தரும் அலுமினியத் துடுப்புக்கும், 70 டாலர் தொடங்கி 120 டாலர் வரை விற்கும் ஃபைபர்கிளாஸ் கலந்த துடுப்புக்கும் எடை வித்தியாசம் 200, 300 கிராம் இருக்கலாம். கடையில் கையில் பிடித்தால் தெரியாது. எதிர்காற்றில் கரை திரும்பும்போது தோள்பட்டைக்குத் தெரியும்.

நீளமும் முக்கியம். மீன்பிடி கயாக் அகலமானது, இருக்கையும் உயரம். எனவே 240 செ.மீ. அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் வேண்டும். குட்டைத் துடுப்பு வாங்கினால் ஒவ்வொரு வலிப்புக்கும் முட்டி படகின் ஓரத்தில் இடிக்கும். பழைய அலுமினியத் துடுப்பைத் தூக்கிப் போடாமல் உபரியாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் படகு

ஏரிக்கும் மெதுவாக ஓடும் ஆற்றுக்கும் 10 முதல் 12 அடி நீளம், 30 முதல் 33 அங்குல அகலம் போதும். நீளம் கூடினால் நேராகவும் வேகமாகவும் போகும், தூக்குவது கஷ்டம். அகலம் கூடினால் ஆடாது, ஆனால் நகராது. நின்றுகொண்டு தூண்டில் வீச வேண்டும் என்ற ஆசையில் முதல் படகையே மிக அகலமாக வாங்கிவிட்டு, காற்றடிக்கும் நாளில் திணறுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது தாங்கும் எடை. கம்பெனி அச்சிடும் எண், படகு மிதக்கும் எல்லை. வசதியாக ஓட்டும் எல்லை அதில் ஏறக்குறைய 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. உதாரணமாக, லைஃப்டைம் நிறுவனத்தின் 10 அடி 'டாமரேக் ஆங்க்ளர்' 275 பவுண்டு தாங்கும் என்று விற்கப்படுகிறது. அதாவது சுமார் 125 கிலோ. 70 சதவீதம் என்றால் 87 கிலோ. 75 கிலோ ஆள், 12 கிலோ சாமான். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. 95 கிலோ ஆளுக்கு அந்தப் படகு விலையில் மலிவு, ஆனால் அவருக்கான படகு அல்ல.

350 டாலரில் பழைய படகு வாங்குவதே சிறந்தது. நிறையப் பேர் ஆர்வத்தில் வாங்கி, இரண்டு கோடை ஓட்டிவிட்டு, கேரேஜில் போட்டுவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் அவை விலைக்கு வரும். பார்க்க வேண்டியவை: அடிப்பக்கக் கீறல் பரவாயில்லை, நகம் உள்ளே இறங்கும் ஆழம் என்றால் கூடாது. தண்ணீர் வெளியேறும் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே விரிசல் என்றால் படகின் உள்ளே மெதுவாகத் தண்ணீர் சேரும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. பின்பக்கத்தில் பொறித்திருக்கும் 12 எழுத்து எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டு. "போன வருஷம்தான் வாங்கினேன்" என்பதைச் சரிபார்க்க இது போதும். எண் சுரண்டப்பட்டிருந்தால் அந்தப் படகைத் தொடாமல் திரும்பிவிடுவது நல்லது.

சில மாநிலங்களில் துடுப்புப் படகுக்கும் பதிவு உண்டு. ஒஹாயோவில் கயாக்கைப் பதிவு செய்ய வேண்டும். மினசோட்டாவில் 10 அடிக்கு மேல் போனால் பதிவு தேவை. இந்தச் செலவையும், மீன்பிடி உரிமச் செலவையும் முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

வீட்டிலிருந்து தண்ணீர் வரை

25 முதல் 35 கிலோ எடையுள்ள பொருளை மூன்றாவது மாடியிலிருந்து யார் இறக்குவது? படகு வாங்கும் முன் இதை யோசிப்பவர்கள் குறைவு. சின்ன காரின் கூரையில் நுரைக் கட்டைகள் வைத்து, சாதாரணக் கொக்கிப் பட்டையால் கட்டினால் போதும். இரண்டும் சேர்ந்து 50 டாலருக்குள் முடியும். நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டாம். தேவைக்கு மேல் இறுகி, வெயிலில் பிளாஸ்டிக்கை நசுக்கிவிடும். முன்னும் பின்னும் கயிறு கட்டாமல் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.

இப்போது வாங்கவே கூடாதவை

மீன் இருக்கும் இடம் காட்டும் கருவி, நங்கூரம், கொடிக்கம்பம், கேமரா தாங்கி, விளக்கு வைத்த தூண்டில் தாங்கி... ஆரம்ப ஆர்வத்தில் இவற்றுக்கே 300 டாலர் போய்விடும். முதல் வருடம் எதுவும் வேண்டாம். ஏரியின் ஆழம் தெரிய மினசோட்டா போன்ற மாநிலங்களின் இயற்கை வளத்துறை வரைபடத்தை இலவசமாகவே தருகிறது. சாமான் வைக்க 10 டாலர் பிளாஸ்டிக் கூடை போதும், அதில் இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டைக் கட்டினால் தூண்டில் தாங்கியும் ரெடி. (பால் கம்பெனிக் கூடையைக் கடை வாசலில் இருந்து எடுப்பது சில மாநிலங்களில் சட்டப்படி குற்றம்.) ஓட்டுபவரின் கை எங்கே போகும், தூண்டில் எங்கே இடிக்கும் என்பது பத்து தடவை போன பிறகுதான் தெரியும். அதற்கு முன் படகில் துளை போட்டால், துளையை எடுக்க முடியாது.

நங்கூரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடும் ஆற்றில் கயாக்கின் நடுப்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டினால், நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும். மலிவாகக் கிடைக்கும் மிக ஆபத்தான சாமான் அது.

மாறாக, விசில், ஒரு கயிறு, தண்ணீர் புகாத பை, உடம்போடு கட்டிய போன் உறை இவை அவசியம். எல்லாம் சேர்த்து 40 டாலர். ஜாக்கெட் 80, துடுப்பு 70, படகு 350, ஏற்றும் சாமான் 50, இந்த 40. மொத்தம் 590. மீதி 110 டாலர் உரிமத்துக்கும், பழைய வெட்சூட் ஒன்றுக்கும்.

எதிர்வாதம் ஒன்று

"மலிவாக வாங்கினால் இரண்டு தடவை வாங்க வேண்டும், பொறுத்திருந்து 2000 டாலர் பெடல் படகையே வாங்கு" என்பார்கள். இதில் நியாயம் உண்டு. காலால் மிதித்தால் இரண்டு கையும் தூண்டிலுக்கு. காற்றில் ஒரே இடத்தில் நிற்கலாம். ஆனால் அந்தப் படகுகளில் பல, சாமான்களோடு 45 கிலோவைத் தாண்டும். தள்ளுவண்டியோ டிரெய்லரோ கேட்கும், களைச்செடி மண்டிய ஆழமற்ற இடத்தில் திணறும். அதைவிட முக்கியம், ஒருவருக்கு எந்த வகைத் தண்ணீர் பிடிக்கும் என்பது ஒரு வருடம் ஓட்டாமல் தெரியாது. 350 டாலர் பழைய படகை அடுத்த வருடம் ஏறக்குறைய அதே விலைக்கு விற்கலாம். புதுப் படகுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மொத்தத்தில்

படகு கைக்கு வந்த முதல் நாள் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு, வெதுவெதுப்பான, மார்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே நாலு தடவை கவிழ்த்துப் பார்க்க வேண்டும். படகைத் திருப்பி, குறுக்கே வயிற்றால் ஏறி, புரண்டு உட்காரப் பழக வேண்டும். அது வராதவர் ஆழத்துக்குப் போகக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அறைத்தோழனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

இந்தப் பாடங்களுக்குக் காசு இல்லை. கடையில் விற்கவும் மாட்டார்கள். காசு குறைவாக இருப்பவருக்கு ஒரு நன்மை உண்டு: தேவையில்லாததை வாங்க அவரால் முடியாது. தேவையானதை முதலில் வாங்கிவிட்டால், மீன் பிடிக்க இன்னும் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கும்.